மீட்டரில் 84,000, இன்னொன்றில் 1,90,000: எந்தப் பிக்கப்பை எடுப்பது?

2018 மாடல் பொலேரோ பிக்கப் இரண்டு பார்த்திருக்கிறீர்கள். ஒன்றில் மீட்டர் 84,000 காட்டுகிறது, இன்னொன்றில் 1,90,000. முதல் வண்டிக்கு 90,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். காய்கறி லோடு அடிக்க எடுக்கிறேன், எத்தனை கிலோமீட்டர் வரை ஓடிய டீசல் பிக்கப்பை நம்பி வாங்கலாம் என்று கேட்டுவிட்டு, கடைசியில் ‘மைலேஜ் எப்படிப் பார்ப்பது’ என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதுவரை எவ்வளவு ஓடியது என்பது ஒன்று. லிட்டருக்கு எவ்வளவு தரும் என்பது மற்றொன்று. 90,000 ரூபாய் தொங்குவது முதல் கேள்வியில்தான், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

இத்தனை கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. பொலேரோ பிக்கப்பில் இருக்கும் 2,523 சிசி, நாலு சிலிண்டர் என்ஜின், ஆயிலும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றி, சூடேறவிடாமல் ஓட்டியிருந்தால், போர் (சிலிண்டரின் உள்சுவர்) வேலை பார்க்காமலே மூன்று லட்சம் தாண்டுவது சாதாரணம். அதே என்ஜினில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி, ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டியே மாட்டி, கொள்ளளவுக்கு மேல் ஏற்றி ஓட்டியிருந்தால் ஒன்றேகால் லட்சத்திலேயே புகை தள்ளத் தொடங்கிவிடும். டாடா ஏஸ் மாதிரி 702 சிசி, இரண்டு சிலிண்டர் குட்டி யானைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தச் சின்ன என்ஜின் பெரும்பாலான நேரம் முழு ஆக்சிலரேட்டரில் உழைக்கிறது, அதனால் வேலை சீக்கிரம் வரும். பொலேரோவுக்குச் சொல்லும் எண்ணை ஏஸுக்கும், ஏஸுக்குச் சொல்லும் எண்ணைப் பொலேரோவுக்கும் மாட்டிப் பேசும் புரோக்கர்கள் உண்டு, கவனம்.

முதலில் வீட்டில் உட்கார்ந்தே ஒரு கணக்குப் போடுங்கள். வண்டி ஏழு வருடம் ஓடியது என்று வைத்துக்கொண்டால், 84,000 என்பது வருடத்துக்கு 12,000, மாதத்துக்கு 1,000, மாதம் 25 நாள் ஓடினால் நாளைக்கு 40 கிலோமீட்டர். வாடகைக்கு ஓடிய வண்டி நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடி டிரைவர் சம்பளம், டீசல், தவணை மூன்றையும் கட்டியிருக்க முடியுமா? ஆர்சியில் ஃபைனான்ஸ் ஏறியிருந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். கடைக்காரர் சொந்தச் சரக்குக்கு வைத்திருந்தார், தோட்டத்துக்கு உரம் ஏற்றினார், கல்யாண மண்டபத்துப் பாத்திரம் ஏற்றினார் என்றால் 40 கிலோமீட்டர் பொருந்தும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து சென்னைக்குக் காய்கறி அடித்த வண்டி என்றால் பொருந்தவே பொருந்தாது. போக வர 900 கிலோமீட்டர் அளவில் வரும் நடை அது. வாரம் இரண்டு நடை போனால் ஒரே வருடத்தில் 90,000 தாண்டிவிடும். இரண்டாவது வண்டியின் 1,90,000 இதே கணக்கில் நாளைக்கு 90 கிலோமீட்டர். வேலை செய்து பிழைத்த பிக்கப்புக்கு அது இயல்பான எண். குறைவான எண் பொய் என்று இதனால் முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு விற்பவர் பக்கம் போய்விடுகிறது.

நிரூபணம் காகிதத்தில்தான் இருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால், வண்டி எண்ணையோ சேஸிஸ் எண்ணையோ சொன்னால் ஒவ்வொரு சர்வீஸின்போதும் பதிந்த கிலோமீட்டர் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். உரிமையாளரையே கூட அழைத்துப்போய்க் கேட்பது நல்லது, தனியாகப் போனால் பல இடங்களில் தரமாட்டார்கள். டயர் வாங்கிய பில், வீல் அலைன்மென்ட் சீட்டு ஆகியவற்றில் பெரும்பாலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். இன்சூரன்ஸ் இடையில் விட்டுப்போய்ப் புதுப்பித்த வண்டியென்றால் அப்போது எடுத்த படங்களில் மீட்டரும் இருக்கலாம். ஃபாஸ்டாக் கணக்கு விவரத்தைக் கேளுங்கள். இதைப் பலரும் கேட்பதில்லை, ஆனால் வண்டி எங்கே ஓடியது என்பதை இவ்வளவு துல்லியமாக வேறெதுவும் சொல்லாது. உள்ளூர் ஓட்டம் மட்டுமே என்று சொல்லப்பட்ட வண்டிக்குச் சமயபுரத்திலும் விக்கிரவாண்டியிலும் வாரம் நாலு தடவை பணம் பிடித்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. எம்பரிவாகன் ஆப்பில் எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி, ஃபைனான்ஸ், எத்தனையாவது உரிமையாளர் என்பதெல்லாம் தெரியும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி, அதன் பிறகு வருடா வருடம். உங்கள் இரண்டு வண்டிகளும் அந்த எல்லையை ஒட்டியவை, அடுத்த எஃப்சி தேதியையும் அதற்கான டிங்கரிங், பெயின்ட் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து வண்டியிலேயே எழுதியிருக்கும் சாட்சிகள். பானட்டைத் தூக்கினால் உள்பக்கமோ, டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ, ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பேனாவால் தேதியும், அன்றைய கிலோமீட்டரும், அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் எழுதியிருப்பார்கள். மேலே ஒட்டியதைக் கிழித்துவிட்டு அடியில் இருக்கும் பழைய ஸ்டிக்கரை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும். 84,000 காட்டும் வண்டியில், அழுக்குக்கு அடியில் ‘அடுத்தது 1,36,000’ என்று மங்கலாகத் தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை. ஆயில் ஃபில்டரின் மேலேயே மார்க்கரால் கிலோமீட்டர் எழுதும் மெக்கானிக்குகளும் உண்டு, டார்ச் அடித்துப் பாருங்கள்.

டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018ஆம் வருடம் 32ஆவது வாரம் செய்த டயர். ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் பாருங்கள். லோடு ஏற்றும் பிக்கப்பில் ஒரு செட் டயர் 40,000 முதல் 60,000 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 84,000 ஓடிய வண்டியில் இரண்டாவது செட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நாலும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வருடம், ஒன்றிரண்டு ரீட்ரெட் (புது ரப்பர் ஒட்டிய பழைய டயர்) என்றால் மூன்றாவது, நாலாவது சுற்று என்று பொருள். கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள் வழுவழுப்பாகி ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்ப்பது, ஸ்டியரிங்கின் மேல் பகுதி கண்ணாடி போலப் பளபளப்பது, டிரைவர் சீட்டின் கதவோரப் பக்கம் அமுங்கிக் கம்பி குத்துவது, டிரைவர் கதவைத் திறந்து தூக்கிப் பார்த்தால் கீலில் ஆட்டம் இருப்பது ஆகியவை ஒன்றரை, இரண்டு லட்சத்தின் அடையாளங்கள். எதிர்த்திசையிலும் யோசியுங்கள்: 84,000 ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பர், சீட் கவர், ஸ்டியரிங் கவர் எல்லாமே புதிதாக ஏன் தேவைப்பட்டது?

மீட்டரைக் குறைக்கும் வழிகளைத் தெரிந்துகொண்டால் எங்கே பார்ப்பது என்பது தானே விளங்கும். கேபிள் மீட்டர் உள்ள பழைய வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள், அல்லது மீட்டரைப் பிரித்து இலக்கச் சக்கரத்தைத் திருப்புவார்கள். கேபிள் நட்டில் பிளையர் பல் பட்ட தடம், இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாக இருப்பது இதன் தடயம். டிஜிட்டல் மீட்டரில் உள்ளே இருக்கும் மெமரி சிப்பை மாற்றி எழுதுகிறார்கள், அல்லது வேறு வண்டியின் மீட்டரையே மாட்டிவிடுகிறார்கள். மீட்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் கிளிப் உடைந்திருப்பது, ஸ்க்ரூ தலையில் கீறல், கண்ணாடிக்கு உள்பக்கம் விரல் ரேகை ஆகியவற்றைப் பாருங்கள். இவை மீட்டர் கழற்றப்பட்டதைச் சொல்லும், குறைக்கப்பட்டதைச் சொல்லாது; பல்பு மாற்றவும் கழற்றியிருக்கலாம். சுத்தமாகச் செய்த வேலையைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டினால், சில வண்டிகளில் ஈசியூவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தனியாகப் பதிந்த ஓட்டமோ, என்ஜின் ஓடிய மணி நேரமோ வரும். ‘கோடு (கோளாறுக் குறியீடு) அழித்த பிறகு ஓடிய தூரம்’ என்று ஒரு வரி வந்தால் அதையும் படியுங்கள். அது 12 கிலோமீட்டர் என்றால் நேற்று யாரோ கோளாறுக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள்.

எவ்வளவு ஓடியது என்பதைவிட எப்படி ஓடியது என்பதுதான் என்ஜினையும் சேஸிஸையும் தீர்மானிக்கிறது. நெடுஞ்சாலையில் டாப் கியரில் 60, 70 வேகத்தில் சீராக ஓடிய ஒரு லட்சம், ஊருக்குள் நின்று நின்று ஓடிய 40,000க்குச் சமமான தேய்மானம் கூடத் தராது என்று பலரும் சொல்வார்கள். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் திசை சரி. தண்ணீர் கேன் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ, 60 கேன் ஏற்றினால் 1,200 கிலோ. நாளைக்கு 40 கிலோமீட்டர்தான் ஓடும், ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, முழு லோடோடு முதல் கியரில் கிளம்பும். கிளட்ச் பிளேட், செல்ஃப் மோட்டார், பிரேக் லைனிங் மூன்றும் மீட்டரைவிட வேகமாகத் தேயும். ஊட்டி, கொடைக்கானல் மலை ஏறி இறங்கிய வண்டியில் பிரேக்கும் கிளட்சும். நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் மீனோ உப்போ ஏற்றிய வண்டியில் என்ஜின் நன்றாக இருந்தாலும் சரக்கு ஏற்றும் தொட்டியின் தரையும் சேஸிஸின் உள்பக்கமும் துரு தின்றிருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீரென்ற சத்தத்துக்குப் பதில் மொத்தென்று கேட்கும். செங்கல், எம்-சாண்ட் அடித்த வண்டியில் பின் ஸ்பிரிங்கை எண்ணிப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருந்தால் ஓவர்லோடு வண்டி. ஸ்பிரிங் தாங்கிகள் சேஸிஸில் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்போ, அங்கே மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டோ தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். என்ஜினுக்கு வேலை பார்த்துக்கொள்ளலாம், விரிசல் விட்ட சேஸிஸுக்கு மாற்று இல்லை.

இனி என்ஜின். விடிகாலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தூக்கி ரேடியேட்டரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஆறிய என்ஜினில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே கூலன்ட் நிறம் இருக்கிறதா, துருத்தண்ணீரா, மேலே எண்ணெய்ப் படலமா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு, செல்ஃப் அடித்த இரண்டு மூன்று நொடியில் வண்டி பிடிக்க வேண்டும். முதல் சில நொடி வெள்ளைப் புகை வந்து மறைந்தால் குற்றமில்லை. நீலப் புகை நின்று வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, கூலன்ட்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) பக்கம் சந்தேகம். ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், என்ஜின் இன்னும் சூடேறாதபோதே, மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் அந்தச் சந்தேகம் உறுதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். அடைத்த ஏர் ஃபில்டரிலிருந்து, கிழிந்த டர்போ ஹோஸ், நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) கோளாறு வரை எதுவாகவும் இருக்கலாம். முதலாவது சில நூறு ரூபாய், கடைசியாகச் சொன்னது பல ஆயிரம். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன்ரெயில் என்ஜினில் நாசிலின் ரிட்டர்ன் டீசலை நாலு சின்ன பாட்டிலில் தனித்தனியாகப் பிடித்து ஒப்பிடும் சோதனை உண்டு, ஒன்று மட்டும் மிக அதிகமாக நிரம்பினால் அந்த நாசில் போய்விட்டது.

என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசாக அதிர்ந்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தால் நல்லது. துள்ளி விழுந்தாலோ, வாயிலிருந்து விட்டு விட்டுப் புகை வந்தாலோ, மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்வது இதுதான்: பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்குகிறது. அந்த வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும், அதைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், டீசல் என்ஜினில் மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். பால் கலந்த காபி நிறம் என்றால்தான் கவலை, தண்ணீர் கலந்திருக்கிறது. நேற்று மாற்றிய மாதிரி பளிச்சென்று, வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்; புகையையும் சத்தத்தையும் சில நாள் அடக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவார்கள். கிராங்க் பேரிங்கின் நிலைமை மட்டும் இந்தச் சோதனைகள் எதிலும் தெரியாது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பிரஷர் கேஜ் மாட்டி ஆயில் பிரஷர் பார்த்தால் ஓரளவு தெரியும். கம்ப்ரஷன் சோதனையும் செய்ய முடிந்தால், மொத்த அளவைவிட நாலு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒன்று மற்றவற்றைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உள்ளே வேலை இருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் வண்டியாக ஓட்டாமல் பாதி லோடாவது ஏற்றச் சொல்லுங்கள். மேட்டில் மூன்றாவது கியரில் அழுத்தும்போது என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் கியர் தானாக வெளியே வந்தால் கியர்பாக்ஸ் வேலை. 40 முதல் 60 வேகத்தில் பின்னாலிருந்து ஊளை மாதிரி சத்தம் வந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் மாறினால் கிரவுன் (பின் அச்சில் உள்ள பற்சக்கரம்) தேய்மானம்.

உங்கள் இரண்டாவது கேள்வி, லிட்டருக்கு எவ்வளவு. விற்பவரோடு 40 கிலோமீட்டர் ஓட்டி மைலேஜ் பார்த்தேன் என்று சொல்வதில் பொருளில்லை. அந்தத் தூரத்துக்கு மூன்று லிட்டர் அளவில்தான் செலவாகும். டேங்கை நிரப்புவதில் அரை லிட்டர் கூடக் குறைய வந்தாலே விடை 11லிருந்து 16 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். சரியாகப் பார்க்க, ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே பம்பில், டீசல் அடிக்கும் துப்பாக்கி தானாக நிற்கும் வரை நிரப்பி, குறைந்தது 300 கிலோமீட்டர் வழக்கமான லோடோடு ஓடி, மறுபடி அங்கேயே நிரப்பி வகுக்க வேண்டும். அது வாங்கிய பிறகுதான் நடக்கும். வாங்குமுன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செல்போன் ஜிபிஎஸ்ஸை வைத்து 10 கிலோமீட்டர் ஓடி, மீட்டர் எவ்வளவு காட்டியது என்று ஒப்பிடுங்கள். டயர் அளவு மாற்றிய வண்டியில் மீட்டரே தப்பாக ஓடும், அதன் மேல் போட்ட மைலேஜ் கணக்கும் தப்பாகும். ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. நாசிலைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி பக்கம் மனம் போனால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் சைலன்சர் வாய்க்குள் விரல் விட்டால் கரி ஒட்டக்கூடாது. ஒட்டினால் ஃபில்டர் உடைந்திருக்கிறது அல்லது கழற்றப்பட்டிருக்கிறது. ஊருக்குள் குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடிய பிஎஸ்-6 வண்டியில் இந்த ஃபில்டர் அடைப்பது சகஜம், அங்கே குறைந்த கிலோமீட்டர் நல்ல செய்தியே அல்ல.

உங்கள் இரண்டு வண்டிக்கும் வருகிறேன். 84,000க்குச் சர்வீஸ் பதிவு தொடர்ச்சியாக இருந்து, டயர் தேதியும் ஃபாஸ்டாக்கும் ஒத்துப்போனால், 90,000 கூடுதல் நியாயம். பதிவு இல்லை, புரோக்கர் வாய்ச்சொல் மட்டும் என்றால் அந்த வண்டியையும் இரண்டு லட்சம் ஓடியதாகவே வைத்து விலை பேசுங்கள். அப்படிப் பார்த்தால், காகிதத்தோடு நிற்கும் 1,90,000 வண்டியை எடுத்துவிட்டு, மிச்சமாகும் 90,000ஐ டயர், கிளட்ச் செட், பேட்டரி, ஸ்பிரிங் புஷ் என்று அதிலேயே போடுவது நல்லது என்பது என் கருத்து. உங்கள் ஊர் பார்ட்ஸ் கடையில் இந்த நாலுக்கும் இன்றைய விலையைக் கேட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு பேரத்துக்குப் போங்கள். ஃபைனான்ஸ் முடிந்திருந்தால் ஃபாரம் 35, பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 கையெழுத்தான பிறகே முழுப் பணம்.

எந்த வண்டியை எடுத்தாலும் முதல் வாரத்திலேயே என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், கியர் ஆயில், கிரவுன் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கிரவுனிலிருந்து இறங்கும் பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். மை போன்ற நுண்தூள் இருக்கும், அது வழக்கம். நகத்தில் சிக்கும் அளவு இரும்புச் சில்லு இருந்தால் லோடு ஏற்றுவதற்கு முன் கிரவுனைப் பிரிக்க வேண்டும். புது ஆயில் ஊற்றி 500 கிலோமீட்டர் ஓடியதும், சமதளத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, டிப்ஸ்டிக் பாருங்கள். அளவு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால், கசிவு எங்கும் இல்லாத பட்சத்தில், அந்த என்ஜின் ஆயில் குடிக்கிறது.